மராமத்து ஏட்டிலிருந்து கட்டடத் தகவல் மாதிரி வரை: திருவனந்தபுரம் காட்டும் ஒரு வரலாறு

'பிம்' எனச் சுருக்கமாக அழைக்கப்படும் கட்டடத் தகவல் மாதிரியாக்கம் இந்தியக் கட்டுமான நிறுவனங்களில் ஏன் இவ்வளவு மெதுவாகப் பரவுகிறது? குடிசார் பொறியியல், கட்டடக்கலை, கட்டுமான மேலாண்மை ஆகிய துறைகளின் ஆய்வேடுகளில் திரும்பத் திரும்ப எழுப்பப்படும் கேள்வி இது. விடைகளும் பெரும்பாலும் ஒரே வரிசையில் வருகின்றன. மென்பொருளின் விலை அதிகம். பயிற்சி பெற்றவர்கள் குறைவு. மேலிடத்தில் ஆர்வம் இல்லை. அரசின் கட்டாயம் இல்லை. வினாப்பட்டியலை நிரப்பித் தரும் பொறியாளர்கள் இந்த நான்கையும் முன்பின்னாக வரிசைப்படுத்துகிறார்கள். ஆய்வும் அந்த வரிசையோடு நின்றுவிடுகிறது.

இந்த விடைகள் பொய்யானவை என்று சொல்ல முடியாது. எனினும் அவை விளக்காமல் விடும் ஓர் உண்மை கேரளத்தில் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. துபாய் நகராட்சி 2013இல் வெளியிட்ட சுற்றறிக்கை, 40 மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களுக்கும் மருத்துவமனை, பல்கலைக்கழகம் போன்ற சிறப்புக் கட்டடங்களுக்கும் இத்தொழில்நுட்பத்தைக் கட்டாயமாக்கியது. 2015இல் அந்த எல்லை 20 மாடியாகக் குறைக்கப்பட்டது. வளைகுடாக் கட்டுமானத்தில் கேரளப் பொறியாளர்களுக்கும் வரைவாளர்களுக்கும் உள்ள இடம் எல்லோரும் அறிந்தது. அங்கே மாதிரியில் பணிபுரிந்து பழகிய ஒருவர் ஊர் திரும்பி ஓர் அரசுக் கட்டடப் பணியில் சேர்ந்தால், மீண்டும் வரைபடத்துக்கும் அளவுப் புத்தகத்துக்குமே திரும்புகிறார். திறன் அவரிடம் இருக்கிறது, மென்பொருளும் கிடைக்கிறது. ஆகவே தடையைத் தனிமனிதத் திறனுக்கு வெளியே, பணி ஒழுங்குபடுத்தப்பட்டிருக்கும் முறையில் தேட வேண்டியுள்ளது. அந்த முறைக்கு ஒரு வரலாறு உண்டு. திருவனந்தபுரத்தின் கட்டடங்களை வரிசையாகப் பார்த்தால் அந்த வரலாறு ஓரளவு தெளிவாகத் தெரிகிறது.

முதலில் தொழில்நுட்பத்தைப் பற்றிச் சில சொற்கள். கணினியில் வரையப்பட்ட சாதாரண வரைபடத்தில் ஒரு சுவர் என்பது இரண்டு இணைகோடுகள் மட்டுமே. அது சுவர் என்பதை வரைந்தவரும் படிப்பவரும் அறிவார்கள், கணினி அறியாது. கட்டடத் தகவல் மாதிரியில் அதே சுவர் ஒரு பொருளாகப் பதிவாகிறது. அதன் நீளம், உயரம், தடிமன், செங்கல்லா கான்கிரீட்டா என்ற விவரம், பூச்சின் வகை, எந்த மாடியைச் சேர்ந்தது, எந்தச் சன்னலைத் தாங்குகிறது என்பவையெல்லாம் அதனுடன் இணைந்திருக்கும். சன்னலின் உயரத்தை மாற்றினால் தளப்படமும் முகப்புப்படமும் வெட்டுப்படமும் செங்கல் கணக்கும் ஒருசேர மாறும். குளிர்சாதனக் குழாய் ஓர் உத்திரத்தின் ஊடாகச் செல்வதாக இருந்தால், கட்டுவதற்கு முன்பே அம்மோதல் புலப்படும். கால அட்டவணையை இணைத்தால் அது நான்காம் பரிமாணம் என்றும், செலவை இணைத்தால் ஐந்தாம் பரிமாணம் என்றும் வழங்கப்படுகிறது.

இக்கருத்து புதியதன்று. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சார்லஸ் ஈஸ்ட்மன், வரைபடங்களுக்குப் பதிலாகக் கணினியைப் பயன்படுத்தும் முறையை 1975இல் அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகத்தின் இதழில் முன்வைத்தார். 1980களில் ஹங்கேரியின் கிராஃபிசாஃப்ட் நிறுவனம் ஆர்க்கிகேட் என்ற மென்பொருளின் வழி அதைச் சிறு கணினிகளுக்குக் கொண்டுவந்தது. 'கட்டடத் தகவல் மாதிரி' என்ற தொடர் 1992இல் வான் நெடர்வேன், டோல்மன் ஆகிய இருவரின் ஆய்வுக் கட்டுரையில் இடம்பெற்றது. 2002இல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் ரெவிட் மென்பொருளை வாங்கிய பிறகே சந்தையில் அச்சொல் நிலைபெற்றது. கருத்து பிறந்ததற்கும் பரவியதற்கும் இடையே ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கடந்துள்ளன. கணினியின் ஆற்றல் போதாமை அதற்கு ஒரு காரணம். வடிவமைப்பு, மதிப்பீடு, கட்டுமானம் ஆகிய மூன்றையும் ஒரே தகவல் தொகுப்பில் இணைக்கக் கோரும் இம்முறை, அம்மூன்றையும் தனித்தனிக் கைகளில் வைத்துப் பழகிய நிறுவனங்களை எதிர்கொள்ள வேண்டியிருந்தது மற்றொரு காரணம்.

அந்தப் பிரிவினை எப்போதும் இருந்ததில்லை. திருவனந்தபுரத்துக்கு முன் திருவிதாங்கூரின் தலைநகராக விளங்கியதும், இன்று தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்தில் அமைந்திருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருப்பதுமான பத்மநாபபுரம் அரண்மனையை நோக்கினால் இது விளங்கும். அதன் மரக்கூரைகளை அமைத்த தச்சர் மரபு எழுதப்பட்ட வரைபடத்தை நம்பியிருக்கவில்லை. பொதுவாக 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் 'மனுஷ்யாலய சந்திரிகா' என்னும் சமஸ்கிருத நூல், வீடு கட்டுவோருக்கான விதிகளைத் தொகுத்துத் தருகிறது. இம்மரபில் அளவின் அடிப்படை கோல். 24 விரல் கொண்ட ஒரு கோல் இன்றைய கணக்கில் ஏறத்தாழ 72 செ.மீ. வீட்டின் சுற்றளவு முடிவானால் அதிலிருந்து நீள அகலங்களும், அவற்றிலிருந்து கூரையின் சரிவும் கழுக்கோல்களின் நீளமும் வரிசையாகப் பெறப்படும். உறுப்புகளைத் தரையில் செதுக்கி அடையாளமிட்டு, பிறகு மேலேற்றிப் பொருத்தினார்கள்.

இதைக் காட்டி முன்னோர் அன்றே கணினி மாதிரியைக் கண்டறிந்துவிட்டனர் என்று பெருமை பேசுவதில் பொருளில்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று. அளவு, பொருள், உழைப்பு ஆகிய மூன்றையும் பற்றிய அறிவு மூத்த தச்சர் ஒருவரிடம் ஒன்றாக இருந்தது. எவ்வளவு மரம் வேண்டும் என்பதும், எப்படிச் செதுக்க வேண்டும் என்பதும் ஒரே விதியிலிருந்து பிறந்தன. அந்த அறிவு சாதிக்குள்ளும் குடும்பத்துக்குள்ளும் கைமாறியது. கட்டுவிப்பவர் அதைச் சரிபார்க்க வழியில்லை. நம்ப மட்டுமே முடியும். ஒரு மன்னருக்கோ ஒரு தறவாட்டுக்கோ அந்த நம்பிக்கை போதுமானதாக இருந்தது. வரிப்பணத்தைச் செலவிட்டுக் கணக்குக் காட்ட வேண்டிய நவீன அரசுக்கு அது போதவில்லை.

இந்தியாவில் பொதுப்பணித் துறை 1854இல் டல்ஹௌசி காலத்தில் உருவானது. அதுவரை இராணுவ வாரியத்தின் கையிலிருந்த கட்டுமானங்கள் தனித் துறையின் கீழ் வந்தன. மன்னராட்சிப் பகுதியாயினும் திருவிதாங்கூர் இவ்வொழுங்கைப் பின்பற்றியது. திவான் டி. மாதவராவ் காலத்தில் மராமத்துத் துறை தலைமைப் பொறியாளர் வில்லியம் பார்ட்டனின் கீழ் வலுப்பெற்றது. இன்றைய அரசுத் தலைமைச் செயலகமாகிய பழைய ஹஜூர் கச்சேரியை வடிவமைத்தவர் அவரே. ஆயில்யம் திருநாள் மன்னர் 1865இல் அடிக்கல் நாட்டிய அக்கட்டடம் 1869இல் திறக்கப்பட்டது. அடுத்த பத்தாண்டில் நேப்பியர் அருங்காட்சியகம் எழுந்தது. அதை வடிவமைத்த ராபர்ட் சிஷோம் சென்னை அரசின் கட்டடக்கலை ஆலோசகர். கேரளக் கூரை மரபைக் கூர்ந்து கவனித்து, அதைத் தம் வடிவமைப்பில் இணைத்துக்கொண்டவர் அவர். 1880இல் கட்டடம் நிறைவுற்றது.

வடிவமைப்பவர் சென்னையில், கட்டுபவர் திருவனந்தபுரத்தில் என்ற நிலை வந்தபோது இருவருக்கும் இடையே தாள் தேவைப்பட்டது. தாள் ஒன்றாக இருக்கவில்லை. வரைபடம் ஒரு தாள். மதிப்பீடு இன்னொரு தாள். விலை விகிதப் பட்டியல், ஒப்பந்தம், அளவுப் புத்தகம் என்பன அடுத்தடுத்த தாள்கள். இந்தியப் பொதுப்பணித் துறைகள் அனைத்திலும் இவ்வரிசையே நிலைபெற்றது. ஒரு பணிக்கு முதலில் நிர்வாக ஒப்புதல், பிறகு விரிவான மதிப்பீட்டுக்குத் தொழில்நுட்ப ஒப்புதல், பிறகு ஒப்பந்தப்புள்ளி. பணி நடக்கும்போது பொறியாளர் களத்தில் நின்று அளந்து, பக்க எண் அச்சிடப்பட்ட அளவுப் புத்தகத்தில் மையால் பதிய வேண்டும். எழுதியதை அழிக்கக் கூடாது. தவறானால் அடித்துவிட்டு அருகில் சுருக்கொப்பமிட வேண்டும். மேல்நிலைப் பொறியாளர் அதில் ஒரு பகுதியைத் தாமே மீண்டும் அளந்து சரிபார்க்க வேண்டும். அந்தப் பதிவே பட்டியல் தொகைக்கு ஆதாரம்.

இவ்வொழுங்கைக் காலனியக் கால அதிகாரவர்க்கத்தின் சிக்கல் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் அதற்குள் ஒரு தெளிந்த நோக்கம் இருந்தது. வரைந்தவரே விலை சொல்லி, விலை சொன்னவரே கட்டி, கட்டியவரே அளந்தால் பொதுப்பணம் எங்கே போயிற்று என்று எவராலும் கண்டறிய முடியாது. ஒருவரின் வேலையை இன்னொருவர் சரிபார்க்கும்படி வேலைகளைப் பிரித்ததே இதன் சாரம். அதற்குக் கொடுத்த விலையும் உண்டு. வரைபடத்தில் உள்ள அறிவு மதிப்பீட்டுக்குச் செல்லும்போது ஒருவர் அதை மீண்டும் எண்ணி எழுத வேண்டும். மதிப்பீட்டிலிருந்து களத்துக்குச் செல்லும்போது இன்னொருவர் மீண்டும் விளக்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கைமாற்றத்திலும் தகவல் கொஞ்சம் தேய்ந்தது. பிழை கொஞ்சம் கூடியது. 1939இல் தொடங்கப்பட்ட திருவனந்தபுரம் பொறியியல் கல்லூரியும், அதற்கு வெகு முன்பே செயல்பட்ட கிண்டிப் பொறியியல் கல்லூரியும் இவ்வொழுங்கில் பணிபுரியத் தெரிந்த பொறியாளர்களையே தலைமுறை தலைமுறையாக உருவாக்கின.

இந்தப் பிரிவினையை இதே நகரில் ஒருவர் வெளிப்படையாக மறுத்தார். பர்மிங்காமில் பயின்று 1945இல் இந்தியா வந்த லாரி பேக்கர், இமயமலைப் பகுதியிலும் பின்னர் கேரள மலைநாட்டிலும் பணியாற்றிவிட்டுத் திருவனந்தபுரத்தில் குடியேறினார். 1970களின் தொடக்கத்தில் பொருளியலறிஞர் கே.என். ராஜ் தலைமையில் உருவான வளர்ச்சி ஆய்வு மையத்தின் உள்ளூர் வளாகத்தை அமைக்கும் பணி அவரிடம் வந்தது. ஒப்பந்தக்காரரை இடையில் வைக்காமல், தாம் பழக்கிய கொத்தனார்களோடு நேரடியாகப் பணிபுரிவது பேக்கரின் வழக்கம். பயன்படுத்திய தாளின் பின்புறத்தில் அவர் படம் வரைந்த கதைகள் கேரளத்தில் பரவலாக அறியப்பட்டவை. இருந்த மரத்தை வெட்டாமல் சுவரை வளைப்பார். இடிக்கப்பட்ட வீட்டின் கதவு கிடைத்தால் அதற்கேற்ப வாயிலை மாற்றுவார். நடுவில் வெற்றிடம் விட்டுச் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கும் எலிப்பொறிக் கட்டு முறையில் செங்கல் ஏறத்தாழ கால் பங்கு மிச்சமாகும். கூரைத் தளத்தில் இழுவிசை தாங்கும் கீழ்ப்பகுதிக் கான்கிரீட்டுக்குப் பதிலாகப் பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்துச் சிமெண்டைக் குறைத்தார்.

பேக்கரிடம் வடிவமைப்பும் மதிப்பீடும் கட்டுமானமும் மீண்டும் ஒரே கையில் சேர்ந்தன. ஒரு சுவரை வளைத்தால் எத்தனைச் செங்கல் கூடும் என்பதை அவர் அப்போதே அறிவார். அதை அடுக்கப்போகும் கொத்தனாரும் பக்கத்திலேயே நிற்பார். வரைபடத்துக்கும் விலைக்கும் இடையே தகவல் தேய இடமில்லை. அதே 1970களில் பிட்ஸ்பர்க்கில் ஈஸ்ட்மன் கணினியின் வழி அடைய விரும்பிய ஒருங்கிணைப்பை, உள்ளூரில் பேக்கர் கால்நடையாக அடைந்துகொண்டிருந்தார் என்று சொல்வது மிகையாகாது. இருவரும் ஒருவரையொருவர் அறிந்ததற்கான தேவையும் இல்லை. சிக்கல் பொதுவானது, விடை தேடிய வழிகள் வேறு.

ஆனால் அவ்விரு வழிகளுக்கும் இடையே ஓர் அடிப்படை முரண் உண்டு. அது கட்டடத் தகவல் மாதிரி பற்றிய விவாதங்களில் அரிதாகவே பேசப்படுகிறது. பேக்கர் முடிவுகளை இயன்றவரை தள்ளிவைத்தார். களத்தில் மண்ணையும் மரத்தையும் பார்த்த பிறகே வடிவம் முடிவானது. மாதிரியாக்கமோ முடிவுகளை முன்னே இழுக்கிறது. மாற்றத்தின் செலவு காலம் செல்லச் செல்லக் கூடுகிறது. ஆகவே உழைப்பைத் தொடக்கத்திலேயே குவிக்க வேண்டும் என்பதைக் காட்டும் மெக்லீமி வளைவு இத்துறையின் பாடநூல்களில் இடம்பெறுகிறது. முதலாம் முறையில் களமே முடிவெடுக்கும் இடம். இரண்டாம் முறையில் களம் முடிவுகளை நிறைவேற்றும் இடம். ஓர் ஊரின் கட்டுமானம் பழைய பொருட்களையும் ஒழுங்கற்ற கற்களையும் கொத்தனாரின் கைத்திறனையும் நம்பியிருக்குமானால், மாதிரிக்கு மாறும்போது அங்கே எது இழக்கப்படும் என்ற கேள்வியையும் ஆய்வாளர் கேட்க வேண்டும்.

பேக்கரின் முறைக்குள்ளும் ஓர் எல்லை இருந்தது. அது அவரை நம்பியிருந்தது. தச்சர் மரபில் கண்ட அதே சிக்கல் இங்கும் எழுகிறது. நேர்மையான ஒரு மனிதரிடம் மூன்று பணிகளும் சேர்ந்தால் பணம் மிச்சமாகும். அந்த மனிதருக்குப் பதிலாக ஓர் அலுவலகத்தை வைத்தால் என்ன ஆகும்? இதற்கு விடை காணும் முயற்சியாகவே 1985இல் முன்னாள் முதல்வர் சி. அச்சுத மேனன், கே.என். ராஜ், பேக்கர், டி.ஆர். சந்திரதத் ஆகியோர் முன்னின்று காஸ்ட்ஃபோர்ட் அமைப்பைத் தொடங்கினார்கள். 1986இல் கொல்லத்தில் தொடங்கிய நிர்மிதி கேந்திரம் பின்னர் மாநில அளவிலான அமைப்பாயிற்று. இவற்றுக்கு அரசுப் பணிகளை அளிக்க வேண்டுமானால் வழக்கமான ஒப்பந்தப்புள்ளி விதி தளர்த்தப்பட வேண்டியிருந்தது. 'அங்கீகரிக்கப்பட்ட முகமைகள்' என்ற ஏற்பாடு கேரளத்தில் அதற்கு வழிசெய்தது. வடிவமைப்பையும் கட்டுமானத்தையும் ஒரே அமைப்பிடம் ஒப்படைக்க, 19ஆம் நூற்றாண்டின் கணக்குக் காப்பு முறைக்கு ஒரு விதிவிலக்கு தேவைப்பட்டது என்பதே இங்கு கவனத்துக்குரியது. போட்டியின்றிப் பணி அளிப்பது முறையா என்ற கேள்வி அவ்விதிவிலக்கோடு கூடவே வருவதும் இயல்பு.

கணினி இந்நகரின் கட்டுமான அலுவலகங்களுக்குள் நுழைந்தபோது இச்சிக்கலைத் தொடவில்லை. 1982இன் இறுதியில் வெளிவந்த ஆட்டோகேட் மென்பொருள் வரைபலகையின் இடத்தைப் பிடித்தது. வரைபடத்தின் இடத்தைப் பிடிக்கவில்லை. கோடு கோடாகவே இருந்தது. இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க் 1990இல் திருவனந்தபுரத்தில் உருவான பிறகும் பொதுக் கட்டடப் பணியின் ஆவண வரிசை அப்படியே தொடர்ந்தது. பின்னாளில் வந்த அரசு மென்பொருள்களும் அந்த வரிசையின் ஒவ்வொரு கண்ணியைத் தனித்தனியே கணினிமயமாக்கின. கேரளப் பொதுப்பணித் துறையின் மதிப்பீடுகள் இன்று 'பிரைஸ்' என்னும் மென்பொருளில் தயாராகின்றன. தில்லி விலை விகிதப் பட்டியலை அடிப்படையாகக் கொண்ட அம்முறை கூட்டல் பெருக்கல் பிழைகளைக் குறைக்கிறது. ஆனால் அளவுகளை வரைபடத்திலிருந்து எண்ணி உள்ளிடுபவர் இன்னும் ஒரு மனிதரே. 2024 ஜனவரி 1 அன்று தொடங்கப்பட்ட கே-ஸ்மார்ட் தளம் நகர்ப்புறங்களில் கட்டட அனுமதி விண்ணப்பங்களை இணையவழியில் பெற்று, வரைபடத்தை விதிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. அனுமதி கிடைத்தபின் அந்த வரைபடம் மதிப்பீட்டுக்கோ களத்துக்கோ உயிருள்ள தகவலாகச் செல்வதில்லை. ஒன்றிய நிதி அமைச்சகம் 2021 அக்டோபரில் வெளியிட்ட கொள்முதல் வழிகாட்டுதல்கள் மின்னணு அளவுப் புத்தகத்தைப் பரிந்துரைத்தன. அதுவும் பழைய ஏட்டின் புதிய வடிவமே.

சிங்கப்பூரின் அனுபவம் இங்கு ஒப்பிடத்தக்கது. அங்கே கட்டட, கட்டுமான ஆணையம் 2010இல் திட்டம் வகுத்து, 2013இல் பெரிய கட்டடங்களின் கட்டடக்கலை விண்ணப்பங்களையும், 2015க்குள் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட எல்லாப் புதிய கட்டடங்களின் விண்ணப்பங்களையும் மாதிரி வடிவில் சமர்ப்பிக்கக் கோரியது. அனுமதி அலுவலகமே மாதிரியைக் கேட்டதால் வடிவமைப்பு நிறுவனங்கள் அதை உருவாக்கின. பிரிட்டன் வேறொரு வாயிலைத் தேர்ந்தது. 2011ஆம் ஆண்டின் அரசுக் கட்டுமான உத்தி, மைய அரசு கொள்முதல் செய்யும் பணிகளில் 2016க்குள் இம்முறை நடைமுறைக்கு வர வேண்டும் என்றது. அங்கே மென்பொருளைவிட முக்கியமாக அமைந்தவை ஆவணங்கள்தாம். கட்டுவிப்பவருக்கு எந்தத் தகவல் எந்தக் கட்டத்தில் தேவை என்பதை முன்கூட்டியே எழுதித் தர வேண்டும் என்ற வழக்கம் பிறந்தது. 2013இல் கட்டுமானத் தொழில் மன்றம் ஒரு நெறிமுறையை வெளியிட்டு, ஒப்பந்தத்தில் மாதிரியின் இடம் எது, அதை யார் எதற்குப் பயன்படுத்தலாம், பிழைக்கு யார் பொறுப்பு என்பவற்றை வரையறுத்தது. பிரிட்டிஷ் நெறிகளே பின்னர் 2018இல் ஐ.எஸ்.ஓ. 19650 என்னும் பன்னாட்டுத் தர வரிசையின் அடித்தளமாயின.

இந்தியாவில் பெரிதும் பேசப்படும் முன்மாதிரி நாக்பூர் மெட்ரோ. செலவையும் காலத்தையும் மாதிரியோடு இணைத்த ஐந்து பரிமாண முறையை அது பின்பற்றியது. அதை நடத்திய நிறுவனம் 2015இல் அத்திட்டத்துக்கென்றே தொடங்கப்பட்டது. 2017இல் மகா மெட்ரோ எனப் பெயர் பெற்றது. அதற்கு நூறாண்டு அளவுப் புத்தக மரபு இல்லை; தன் விதிகளைத் தானே வகுக்கும் உரிமை இருந்தது. எனவே நாக்பூரின் வெற்றியை ஒரு மாநிலப் பொதுப்பணித் துறைக்கு அப்படியே பொருத்திக் காட்டுவது பொருந்தாது. புதிய நிறுவனம் ஒரு தொழில்நுட்பத்தை ஏற்பதும், பழைய நிறுவனம் தன் காப்பு முறைகளை மாற்றிக்கொண்டு அதை ஏற்பதும் இரண்டு வேறு நிகழ்வுகள்.

பழைய நிறுவனத்தில் தடை எங்கே எழுகிறது என்பதை இப்போது தெளிவாகச் சொல்லலாம். முதலாவது, பணம் தரப்படும் முறை. உருப்படி விலை ஒப்பந்தத்தில் ஒப்பந்தக்காரர் கட்டிய அளவுக்கே தொகை பெறுகிறார். களத்தில் எழும் கூடுதல் வேலைகள் அவருக்கு எப்போதும் இழப்பல்ல. சில வேளைகளில் வருவாய். மோதல்களை முன்பே கண்டறியும் மாதிரியால் மிச்சமாகும் பணம் கட்டுவிப்பவருக்குச் செல்லும். மாதிரியை உருவாக்கும் உழைப்போ வேறொருவர் தலையில் விழும். இரண்டாவது, காலம். ஒப்பந்தப்புள்ளிக்கு முன் ஒப்பந்தக்காரர் யார் என்பதே தெரியாது. ஆகவே கட்டப்போகிறவரின் அறிவு மாதிரிக்குள் நுழைய முடியாது. மாதிரியின் பெரும்பயன் அந்த அறிவை முன்கூட்டியே பெறுவதில்தான் இருக்கிறது. மூன்றாவது, பொறுப்பு. கட்டமைப்புப் பொறியாளர், மின்பணிப் பொறியாளர், கட்டடக்கலைஞர் ஆகிய மூவரும் ஒரே மாதிரியில் பணிபுரிந்தால், ஒரு தூணின் இடம் தவறானதற்கு யாரைக் கேட்பது? தாளில் கையொப்பம் விடை சொன்னது. மாதிரியில் ஒவ்வொரு மாற்றத்தையும் யார், எப்போது செய்தார் எனப் பதிய இயலும். அந்தப் பதிவைத் தணிக்கையாளரும் நீதிமன்றமும் சான்றாக ஏற்கும் நடைமுறை நிறுவனத்துக்குள் உருவாக வேண்டும்.

இந்த மூன்று தடைகளையும் வைத்துப் பார்த்தால் கேரளத்தில் ஆய்வுக்குரிய ஒரு நிறுவன வடிவம் ஏற்கெனவே உள்ளது. 1925இல் வடகரைப் பகுதியில் தொழிலாளர்கள் தொடங்கிய உராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம் இன்று மாநிலத்தின் பெரிய கட்டுமான அமைப்புகளுள் ஒன்று; தகவல் தொழில்நுட்பத் துறையிலும் அது இயங்குகிறது. பணியாளரே உறுப்பினராக உள்ள அமைப்பில், வீண்வேலை குறைவதால் வரும் மிச்சம் அவர்களிடமே திரும்ப வழியுண்டு. அத்தகைய அமைப்பில் மாதிரியாக்கத்தின் பொருளியல், தனியார் ஒப்பந்தக்காரரிடம் உள்ளதைப்போலவே இருக்குமா என்பது நல்லதோர் ஆய்வு வினா. மென்பொருள் பற்றிய மனப்பான்மையை ஐந்து புள்ளி அளவுகோலில் அளக்கும் இன்னொரு வினாப்பட்டியலைவிட அது பயனுள்ளதாக அமையும்.

களத்தில் நிற்பவரையும் இக்கணக்கில் சேர்க்க வேண்டும். திருவனந்தபுரத்தில் இயங்கும் குலாத்தி நிதி, வரிவிதிப்பு நிறுவனத்தின் 2013ஆம் ஆண்டு ஆய்வு, கேரளத்தில் பிற மாநிலத் தொழிலாளர் ஏறத்தாழ 25 லட்சம் பேர் இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களில் கட்டுமானத்தில் உழைப்போர் ஏராளம். வங்காளமும் ஒடியாவும் இந்தியும் பேசும் கம்பி கட்டுநரிடம் மலையாளக் குறிப்புடன் கூடிய வரைபடம் சென்று சேர்வதைவிட, முப்பரிமாணப் படம் எளிதில் சென்று சேரக்கூடும். ஆயினும் பேக்கரின் கொத்தனார் களத்தில் பெற்றிருந்த முடிவெடுக்கும் உரிமை அதன்மூலம் இவருக்குக் கிடைத்துவிடாது. மாதிரியை ஏற்கும் நிறுவனம், களத்திலிருந்து மாதிரிக்குத் திரும்பும் பாதையையும் அமைக்க வேண்டும். கட்டியபடி உள்ள நிலையை மாதிரியில் பதிவது, கொத்தனாரும் மேஸ்திரியும் கண்ட பிழையை அடுத்த பணிக்குக் கொண்டுசெல்வது ஆகியவை அப்பாதையின் முதல் படிகள். அவை இல்லாவிட்டால் மாதிரி அலுவலகத்தின் அழகான படமாகவே நின்றுவிடும்.

தச்சரின் கோலும் பேக்கரின் களமும் அறிவை ஒன்றுசேர்த்தன. சரிபார்க்கும் வழியைத் தரவில்லை. மராமத்து ஏடு சரிபார்க்கும் வழியைத் தந்தது, அறிவைத் துண்டாக்கியது. கட்டடத் தகவல் மாதிரி இரண்டையும் ஒருசேரத் தருவதாக வாக்களிக்கிறது. அவ்வாக்கு நிறைவேற, ஏடு காத்துவந்த பொதுப்பணத்தை மாதிரி எப்படிக் காக்கும் என்பதை ஒப்பந்த விதியாகவும் தணிக்கை விதியாகவும் எழுத வேண்டியுள்ளது. அவ்வேலை பெரும்பகுதி மென்பொருளுக்கு வெளியே உள்ளது. ஆகவே இத்துறையில் ஆய்வைத் தொடங்கும் மாணவர் ரெவிட் கற்பதோடு, தம் மாநிலத்தின் பொதுப்பணித் துறைக் கையேட்டையும், முடிந்துபோன ஒரு கட்டடப் பணியின் அளவுப் புத்தகத்தையும் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படிப்பது நல்லது. எந்த வரி எந்த ஐயத்துக்கு விடையாக எழுதப்பட்டது என்பதை அறிந்தவரே, அந்த வரிக்கு மாற்றாக மாதிரியில் என்ன வேண்டும் என்று சொல்ல முடியும்.